நம் பிட்சர் சாகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஹோமர் பிட்மன் அவர்களுக்கு, உங்கள் முழங்கால் வலி தணிந்து, நம் இதழின் சந்தாவும் தழைக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு மேபல் ஸ்டாகர்ட் எழுதுவது.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்: உயிரோடு இருக்கும் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன். சென்ற இதழில், 1930-களில் பேஸ்பாலில் பந்தெறியும் பிட்சராக ஆடிய ஆர்வில் டீட்ஸின் வாழ்க்கைக் குறிப்பை 'காலமானார்' என்று உருக்கமாக முடித்திருந்தேன் அல்லவா? கல்லறைக் கல்லில் அவர் பெயரை என் கண்ணால் பார்த்தேன். மனைவி ரோசினா இறந்தபோதே, இங்கே பலரும் செய்வது போல, தன் பெயரையும் பக்கத்தில் செதுக்கச் சொல்லியிருக்கிறார். இறந்த வருடம் இருக்க வேண்டிய இடத்தைப் பனி மூடியிருந்தது. கையுறையைக் கழற்றித் துடைக்க எனக்குச் சோம்பல்.

போன வாரம் தொலைபேசி அடித்தது. "ஆர்வில் டீட்ஸ் பேசறேன். என்னைப் புதைச்சீங்களே, பூ ஒண்ணும் வந்து சேரலையேம்மா" என்றார். நான் குழறிக்கொண்டே திருத்தம் போடுவதாகச் சொன்னேன். அவசரமாகத் தடுத்தார். அதே அணியில் இரண்டாம் பேஸ் காவலுக்கு நின்ற கிளைட் வான்ஹார்ன், சிகாகோ ஆட்டத்தில் ஆர்வில் எறிந்த பந்தைக் கோட்டைவிட்டார், ஆட்டம் தோற்றது, மறுநாளே ஆர்விலைச் சின்ன ஊர் அணிக்குத் துரத்திவிட்டார்கள், அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது என்று ஊர்வம்பை நம்பி எழுதியிருந்தேனே, அந்த கிளைட் நம் இதழைப் படித்துவிட்டு, சனிக்கிழமை வருவதாகச் சொல்லி, கல்லறைக்கு வழி கேட்டுப் பாதிரியாரைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். பாதிரியார் வழியை மட்டும் சொல்லிவிட்டு, நேரே வந்து ஆர்விலின் காதில் போட்டுவிட்டார்.

"நான் இருக்கேன்னு தெரிஞ்சா அவன் வரமாட்டான். சனிக்கிழமை வரைக்கும் நான் செத்தே இருக்கேனே" என்றார் ஆர்வில்.

சனிக்கிழமை ஆர்விலைக் கல்லறைக்குக் கூட்டிப்போகக் கார் ஓட்டியது நான்தான். தன் கல்லுக்குப் பக்கத்திலேயே தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார், பெண் பார்க்க வந்தவர் போல. பூங்கொத்தோடு வந்த கிளைட், கல்லையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா சின்னதா வாங்கியிருப்பேன்ல?"

"ரோசினாவுக்கு வைடா. அவளுக்குப் பெரிசுதான் பிடிக்கும்."

கிளைட் குனிந்து பூவை வைத்தார். நிமிரவே இல்லை. "அந்தப் பந்தை நான் பிடிச்சிருக்கணும், ஆர்வி."

ஆர்வில் ரொம்ப நேரம் பனியைக் காலால் கிளறினார். "வெயில் கண்ணுல அடிச்சிருக்கும். விடு" என்றார். பிறகு இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆப்பிள் பை சாப்பிடப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை, பின்னாலேயே போய்ச் சாப்பிட்டேன்.

ஆகவே ஆர்வில் உயிரோடிருப்பதாக அடுத்த இதழில் கட்டாயம் போடுங்கள். உங்கள் வீட்டாருக்கு என் அன்பு, உங்கள் பூனைக்கும்.

என்றும் உங்கள்,
மேபல் ஸ்டாகர்ட்

பி.கு.: இனியாவது சரிபார்ப்போம் என்று நூலகத்தில் அந்த ஆட்டத்தின் பழைய செய்தித்தாளை எடுத்துப் பார்த்தேன். இதை மட்டும் அச்சில் போட்டுவிடாதீர்கள். பந்து கிளைடின் கைக்கே வரவில்லை, தலைக்கு மேலே பறந்திருக்கிறது. தப்பு ஆர்விலின் பெயரில்தான் எழுதியிருக்கிறது.