பொணக்காரருக்கு வந்த கோடி

சேலம் ஜில்லாவிலேயே, ஏன், அந்த நாளைய மதராஸ் ராஜதானியிலேயே அவரைப் போல அழகாகச் செத்தவர் யாரும் கிடையாது. நான் பார்க்கவே பதினேழு தடவை செத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து, மாலையைக் கழற்றிக்கொண்டே, "ஏனுங்க, காப்பி வந்துருச்சுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

யுத்த காலம். சேலத்துக்கு வெளியே ஒரு கரட்டடியில் தகரக் கொட்டகை போட்டு ஒரு சினிமா ஸ்டூடியோ நடந்தது. நாலு படம் எடுத்துவிட்டு மூடிவிட்டார்கள். அங்கே எனக்கு மேக்கப் அறையில் உத்தியோகம். ராஜா, ராணி முகங்களெல்லாம் என் வாத்தியாருக்கு. பொணம் மட்டும் எனக்கு. பொணமாகப் படுக்கவென்றே அங்கு ஒருவர் நிரந்தரமாக இருந்தார். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. பொணக்காரர் என்போம். பணக்காரரைக் கூப்பிடுகிற மரியாதையோடுதான் கூப்பிடுவோம். அவரும் அதே தோரணையில் திரும்பிப் பார்ப்பார்.

படுத்தார் என்றால் படுத்தார்தான். ஒரு தடவை, கழுத்தில் கிடந்த மாலையை ஆடு ஒன்று வந்து முழுசாகத் தின்றுவிட்டு, போகிற போக்கில் அவர் காதையும் நக்கிப் பார்த்தது. மனுஷன் இமைக்கவில்லை. எப்படிங்க முடிகிறது என்று கேட்டேன். செத்தவனுக்கு ஆடு என்ன, மாடு என்ன என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

தொழிலில் அவ்வளவு சிரத்தை. பண்ணையக்காரன் பொணத்துக்கு வாய் இறுக மூடியிருக்க வேண்டும், உபதேசியார் பொணத்துக்குக் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும் என்பார். லீவு நாளில் பஸ் ஏறிப்போய் எங்காவது இழவு வீட்டில் உட்கார்ந்து பாடம் படிப்பார். கெங்கவல்லியில் ஒரு வீட்டில் செத்தவரையே ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த மூத்த மகனிடம், "கழுத்து சரியில்லீங்க, இன்னும் கொஞ்சம் சாச்சிருக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அங்கிருந்து ஆத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியே வந்ததாகக் கேள்வி. தூரத்தைப் பார்த்தால் நம்ப முடியாது. துரத்தியவர்களைப் பார்த்திருந்தால் நம்பலாம்.

இந்தச் சிரத்தைதான் அவர் குடும்பத்தையும் கெடுத்தது. ஆட்டையாம்பட்டியில் அவருக்கு ஒரே தங்கை, பாவாயி. அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். மாமன் முதல் நாளே போய்விட்டார். போனவர் சும்மா இருந்திருக்கலாம். காது குத்தி முடித்து, இலை போட்டு, சாம்பார் வாளியோடு ஆட்கள் இறங்குகிற நேரத்தில், விருந்துக்கு வந்த சொந்தபந்தம், ஒறம்பரை எல்லோருக்கும் தன் தொழிலைக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. வாசலில் மல்லாந்து படுத்தார். யாரோ ஒருத்தி தொட்டுப் பார்த்துவிட்டு அலறினாள். பிறகு கேட்க வேண்டுமா? பந்தி கலைந்தது. சாவு விழுந்த வீட்டில் சோறு ஆகாது என்று நாலு அண்டா சாப்பாட்டையும் கொண்டுபோய்க் குழியில் கொட்டினார்கள். கொட்டி முடித்த பிறகு இவர் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

பாவாயி கத்தவில்லை. நிதானமாகச் சொன்னாளாம்: "இனி நீ நெசமாச் செத்தாத்தாண்ணா உம்மூஞ்சில முழிப்பேன்."

ஆறு வருஷம் முழிக்கவில்லை. பொங்கலுக்கு இவர் அனுப்பிய சேலை பிரிக்காமலே திரும்பி வரும். ஸ்டூடியோவுக்குக் காய்கறி கொண்டுவருகிறவர் ஆட்டையாம்பட்டிக்காரர். அவர் கூடையை இறக்கும்போதெல்லாம் பொணக்காரர் பக்கத்தில் போய் நின்று, பாவாயி நல்லாயிருக்காளா, புள்ளைக்குக் காது ஆறிப்போச்சா என்று கேட்பார். ஆறு வருஷமாக அதே கேள்வி. அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

அப்போதுதான் எங்கள் டைரக்டருக்கு ஒரு கிறுக்கு யோசனை வந்தது. இழவு வீட்டை வைத்து முழு நீளச் சிரிப்புப் படம். ஒரு பண்ணையக்காரர் செத்துப்போகிறார், கூடிய உறவுக்காரர்கள் யார் முதலில் கோடித் துணி போடுவது என்று பொணத்தை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள், இதுதான் கதை. பொணக்காரருக்குக் கதாநாயகன் வேஷம். படம் முழுக்க வருகிறார், ஒரு வார்த்தை வசனம் கிடையாது. கண்டிஷன் ஒன்றே ஒன்று. ஃபிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். சண்டைக் காட்சிக்கு ஒரே டேக்தான், அசைந்தால் அன்றோடு வேலை போய்விடும் என்று டைரக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை காய்கறிக்காரர் வந்தார். வாசலில் பச்சைப் பந்தல், பாடை, தாரை தப்பட்டை. என்ன கூட்டம் என்று சமையல்காரரிடம் கேட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் தலையைத் தூக்காமலே, "பொணக்காரரு உள்ள படுத்திருக்காருங்க. நாலு மணிக்கு எடுக்கறாங்க" என்றார்.

எங்கள் பாஷையில் எடுப்பது என்றால் படம் எடுப்பது. ஊர் பாஷையில் வேறு. காய்கறிக்காரர் கூடையை அப்படியே போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ஸ்டூடியோவில் யாருக்கும் இது தெரியாது. காயை மட்டும் எண்ணாமல் போட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று சமையல்காரர் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் பச்சரிசி மாவும் பவுடரும் கலந்து பொணக்காரர் முகத்தில் பூசினேன். நாலு மணிக்கு காமிரா ஓடத் தொடங்கியது. துணை நடிகைகள் நாலு பேர் சுரத்தில்லாமல் மாரடித்தார்கள். அப்போது தலைவிரி கோலமாக ஒரு பெண் பந்தலுக்குள் ஓடிவந்தாள். பின்னால் கோடித் துணியோடு அவள் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய கரி பஸ்ஸின் புகை படிந்த முகங்களோடு ஒரு பஸ் ஒறம்பரை.

யார் இந்த அம்மா, என்னமாய் நடிக்கிறாள் என்று டைரக்டர் என் காதில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காமிராவை நிறுத்தாதே என்று சைகை காட்டினார். அதற்குள் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரருக்கும் ஒரு பங்காளிக்கும் யார் கோடியை முதலில் போடுவது என்று தகராறு வந்துவிட்டது. கதையில் எழுதி வைத்திருந்த சண்டையைக் கதை தெரியாதவர்கள் போட்டார்கள், எழுதியதைவிட நன்றாகவே போட்டார்கள். ஒருவர் மாலையைப் பிடித்து இழுத்தார். ஒருவர் பொணத்தின் காலில் தடுக்கிப் பொணத்தின் மேலேயே விழுந்தார். பொணக்காரர் அசையவில்லை. டைரக்டர் சந்தோஷத்தில் தன் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பொணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தாள்.

"காதுகுத்துப் பந்தியில
கண்ணமூடிப் படுத்தாயே
கண்ணமூடிப் படுத்தவன
கரிச்சுக் கொட்டி ஏசினேனே
சாவுன்னு சொன்ன வாய
சாம்பலிட்டுக் கழுவட்டுமா"

அப்போதுதான் எனக்கு இது பாவாயி என்று புரிந்தது. பொணக்காரர் முகத்தைப் பார்த்தேன். ஆட்டுக்கு அசையாத முகம், மேலே ஆள் விழுந்தும் அசையாத முகம். மூடிய கண்ணோரத்தில் ஈரம் கசிந்து, நான் பூசிய மாவைக் கரைத்துக்கொண்டு, காதுவரைக்கும் ஒரு கோடு இறங்கியது.

டைரக்டர் கட் சொன்னார். மேலும் சில வார்த்தைகளும் சொன்னார். பொணக்காரர் எழுந்து உட்கார்ந்தார். ஒறம்பரையில் பாதிப் பேர் வாசலைத் தாண்டி ஓடினார்கள். பாவாயி ஓடவில்லை. இரண்டாம் தடவை ஏமாந்துவிட்ட ஆத்திரத்தில் அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை கன்னத்துக் கோட்டைப் பார்த்து நின்றுவிட்டது.

"ஒரு பொணமாக்கூட உனக்கு ஒழுங்காப் படுக்கத் தெரியலயே அண்ணா" என்றாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வேலை போனது அவருக்குத் தெரியும். மச்சான் கையில் இருந்த துணியைப் பார்த்து, "கோடி ஊட்டுக்குத் திரும்பக் கூடாதே பாவாயி" என்றார்.

"கட்டிக்க. கட்டிக்கிட்டு சோத்துக்கு வா."

கட்டிக்கொண்டார். தனக்குப் போட வந்த கோடியை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாவு பூசிய முகத்தோடு, தங்கைக்குப் பக்கத்தில் கரி பஸ்ஸில் உட்கார்ந்து போனார். கண்டக்டர் டிக்கெட் கேட்கவே பயந்தாராம். அப்புறம் அவர் ஸ்டூடியோ பக்கம் வரவில்லை. ஆட்டையாம்பட்டியிலேயே தங்கிவிட்டார். அந்த வேட்டியைத்தான் எல்லா விசேஷத்துக்கும் கட்டிக்கொண்டு போய் முதல் பந்தியில் உட்காருவார் என்று கேள்விப்பட்டேன்.

சில வருஷம் கழித்து அதே காய்கறிக்காரர் என் வீட்டுக்கு வந்தார். பொணக்காரர் போய்விட்டார் என்றார். நான் நம்பாமல் பார்த்தேன். "இந்தத் தடவ நெசந்தானுங்க. பாவாயி மூணு வாட்டி கிள்ளிப் பாத்துட்டா" என்றார்.

போனேன். கழுத்து சரியாகச் சாய்ந்திருந்தது. வாயும் அளவோடு திறந்திருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் எப்போ எடுக்கறாங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாவாயி திருநீற்றுத் தட்டை என் கையில் கொடுத்தாள். "நீயே பூசு சாமி. உங்கையின்னா அண்ணன் அசையாது."

நெற்றியிலும் கன்னத்திலும் பழைய பழக்கத்தில் பூசிவிட்டேன். அவர் அசையவில்லை. குனிந்து சரிபார்த்தபோது கன்னத்துத் திருநீற்றில் ஒரு சொட்டு விழுந்து, காதுவரைக்கும் கோடாக இறங்கியது. இந்தத் தடவை டேக்கைக் கெடுத்தது நான்.