கத்தரி மிஸ்ஸும் கச்சாத் தையலும்

கொடுத்த பொருளைத் திரும்பப் பிடுங்குவதையே ஊழியமாகச் செய்த ஒரே மனுஷி, மயிலாப்பூர், தி. நகர், அடையாறு எல்லாம் சேர்த்துச் சலித்தாலும், எங்கள் கத்தரி மிஸ்தான். வட்டிக்கடைக்காரர்கூட வாசலில் நின்று ஒரு தடவை இருமிவிட்டுத்தான் கேட்பார். மிஸ் கேட்கவே மாட்டார். கைப்பையைத் திறப்பார், குட்டிக் கத்தரியை எடுப்பார், கிரிச். பிள்ளையின் சட்டைக் கையில் இருந்த பேட்ஜ் மிஸ்ஸின் பைக்குள் போயிருக்கும்.

என் மகள் ஜனனி படிக்கிற பள்ளிக்கூடத்தில் கைட்ஸ் என்கிற சாரணியர் படையை நடத்தியவர் அவர். நான் கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் மெஷின் போட்டு ஃபால்ஸ், பிகோ, ஆல்டரேஷன் செய்கிறவள். எட்டாவதோடு நின்றுவிட்டேன். பயப்படுவதில் மட்டும் இவள் மேல்படிப்பு முடித்தவள் என்பார் என் வீட்டுக்காரர்.

முதல் தடவை மிஸ் என் கடைக்கு ஒரு பை நிறைய பேட்ஜும் சட்டையுமாக வந்தார்.

"இதெல்லாம் தைக்கணும்மா. கச்சாத் தையல் போதும்."

"கச்சாவா? ரெண்டு துவையல்ல கையோட வந்துடும் மிஸ். மெஷின்ல ஓட்டித் தர்றேன்."

"வேணாம். எனக்குப் பிரிக்க ஈசியா இருக்கணும்."

கல்யாண ஜாக்கெட் தைக்க வந்தவள், டைவர்ஸுக்கும் தோதாக இருக்கட்டும் என்று அளவு சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

மிஸ்ஸின் சட்டம் இதுதான். சமையல் பேட்ஜ் வாங்கியவளுக்கு எப்போது கேட்டாலும் சமைக்கத் தெரிய வேண்டும். மறந்துவிட்டால் பேட்ஜ் திரும்பி வர வேண்டும். "அது மெடல் இல்லம்மா, கடை போர்டு. உள்ள சரக்கு இல்லன்னா போர்டைக் கழட்டணுமா இல்லையா?" என்பார். கழட்டணும்தான். ஆனால் வாங்கின பரிசை யாராவது திருப்பித் தருவார்களா? எனக்குக் குழப்பமாகவே இருந்தது.

தி. நகரில் ஒரு வக்கீல் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போய் நின்று, அவர் மகளிடம் "ரசம் வை" என்றிருக்கிறார். பெண் விழித்தாள். அப்பா குறுக்கே வந்தார்.

"மிஸ், அவ பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கா. நான் ஒரு வக்கீல், நான் சொல்றேன், அவளுக்கு நல்லாவே ரசம் வைக்கத் தெரியும்."

"சந்தோஷம் சார். புளி எந்த டப்பாவில இருக்குன்னு மட்டும் சாட்சி சொல்லச் சொல்லுங்க."

சாட்சி எல்லா டப்பாவையும் திறந்தது. கிரிச்.

அந்தப் பெண் ரோஷத்தில் சமைக்கப் பழகி, ஒரு தூக்கு ரசத்தோடு ஆட்டோ பிடித்து மிஸ் வீட்டுக்கே போனாள். ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "உப்பு இல்ல. ஆனா ரசம்தான்" என்று பேட்ஜைத் திருப்பிக் கொடுத்தாராம். அதை என்னிடம் தைக்கக் கொண்டுவந்த வக்கீல், "நல்லா ஸ்ட்ராங்கா தைங்கம்மா" என்றார். "கச்சாத்தான் சார், மிஸ் ஆர்டர்" என்றேன். எந்தக் கோர்ட்டில் கேஸ் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

இதெல்லாம் துணி பேட்ஜ். ஆனால் உறுதிமொழி பேட்ஜ் என்று ஒன்று உண்டு. அது பித்தளையில் செய்தது, பின் வைத்துக் குத்துவது. மூன்று விரலைத் தூக்கி, கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமையைச் செய்வேன், பிறருக்கு உதவுவேன், என்னால் முடிந்தவரை, என்று வாக்குக் கொடுத்தால்தான் குத்துவார்கள். அது இல்லாமல் யூனிஃபார்ம் போடவே முடியாது. அதைத்தான் ஜனனியிடமிருந்து பிடுங்கிவிட்டார்.

திருவான்மியூர் கடற்கரையில் குப்பை பொறுக்கிவிட்டு எல்லோரும் பஸ்ஸில் திரும்பியிருக்கிறார்கள். அடையாறில் ஒரு மீன்காரம்மா கூடையோடு ஏறியிருக்கிறார். ஜனனி உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். மந்தைவெளியில் இறங்கியதும் மிஸ் கையை நீட்டினார். பித்தளை பேட்ஜ் போய்விட்டது.

"நெஜமா தூங்கினியா, நடிச்சியாடி?" என்றேன்.

"மொதல்ல நடிச்சேம்மா. அப்புறம் நெஜமாவே தூங்கிட்டேன்."

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எனக்கு பேட்ஜ் போனதுகூடப் பெரிதில்லை. வாக்கு உடைந்ததே! எங்கள் வீட்டில் சத்தியம் என்றால் கற்பூரத்தை அடித்து அணைப்பது, இல்லையென்றால் பெற்றவள் தலையில் கை வைப்பது. உடைத்தால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும். அதனால் நான் பால்காரரிடம்கூட "நாளைக்கு வாங்கறேன்" என்று சொன்னதில்லை, "பார்க்கலாம்" என்றுதான் சொல்வேன். அந்த வாரம் மெஷின் ஊசி உடைந்தது. வீட்டுக்காரரின் ஆட்டோ பஞ்சர் ஆனது. பல்லி வேறு கத்தியது.

"ரோட்ல பள்ளம் கீது, டயர் பஞ்சர் ஆவுது. அதுக்குக் கொழந்த இன்னாடி பண்ணும்?" என்றார் அவர். ஓட்டுகிறவருக்கு என்ன தெரியும்?

மிஸ்ஸிடமே போனேன்.

"பன்னெண்டு வயசுக் கொழந்த மிஸ். மன்னிச்சு விட்ருங்க."

"நான் யாரும்மா மன்னிக்க? சனிக்கிழமை சின்னப் பிள்ளைங்க உறுதிமொழி எடுக்கறாங்க. அவளும் கூட நின்னு திரும்ப எடுக்கட்டும்."

"ஒடஞ்ச சத்தியத்த எப்டி மிஸ் திரும்பப் பண்றது? மறுபடியும் ஒடச்சிட்டா?"

"மறுபடியும் எடுக்கட்டும்."

"அப்ப அந்த சத்தியத்துக்கு இன்னாதான் மரியாத?"

"அது எனக்கும் குழப்பம்தாம்மா" என்றார். வாத்தியார் அம்மாவே இப்படிச் சொன்னால் நான் எங்கே போவேன்?

ஒரு தடவை உடைந்ததற்கே பஞ்சர். இன்னொரு வாக்கை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. கைட்ஸே வேண்டாம் என்றேன். ஜனனி இரண்டு வேளை சாப்பிடவில்லை. "எனக்கு அந்த பின் வேணும்மா" என்று ஒரே அழுகை. சனிக்கிழமை எனக்குத் தெரியாமல் ஓடிவிட்டாள். கையோடு இழுத்துவந்துவிடுவது என்று நானும் பின்னாலேயே போனேன்.

மைதானத்தில் குட்டிக் குட்டிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கடைசியில் ஜனனி. ஜனனிக்கும் பின்னால், கருநீலக் காட்டன் புடவையில், பின் இல்லாத தோளோடு கத்தரி மிஸ்.

"மிஸ், நீங்க இன்னா இங்க நிக்கிறீங்க?"

மிஸ் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அன்னிக்கு பஸ்ல நானும் சீட்லதாம்மா உட்கார்ந்திருந்தேன். இவ எழுந்திருக்கறாளான்னு பார்த்துக்கிட்டே வந்தேன். அந்தம்மா மந்தைவெளி வரைக்கும் கூடையோட நின்னுக்கிட்டே வந்தாங்க. வீட்டுக்குப் போய்ப் புடவை மாத்தும்போதுதான் உறைச்சுது."

ஜனனி திரும்பி என்னைப் பார்த்தாள். இழுத்துப் போகத்தான் வந்தேன். கை நீளவில்லை. "முன்னாடி பாத்து நில்லுடி" என்றேன்.

அவள் உறுதிமொழியைச் சொன்னாள், பேட்ஜைக் குத்திக்கொண்டாள். பிறகு மிஸ்ஸின் முறை. பத்தாவது படிக்கிற ஒரு நெட்டைப் பெண் எதிரே நிற்க, மிஸ் மூன்று விரலைத் தூக்கினார். 'முடிந்தவரை' என்ற இடம் வந்ததும் குரல் ஒரு நொடி நின்று, அப்புறம் நகர்ந்தது. நெட்டைப் பெண் பதற்றத்தில் பின்னைத் தோளிலேயே குத்திவிட்டாள். "அம்மாடி!" என்று மிஸ் துள்ளியதில் வரிசையே சிரித்து உருண்டது. மிஸ்ஸும் சிரித்தார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தப் புடவையின் தோள் பக்கம் பூராவும் பொடிப் பொடி ஓட்டைகள். கழட்டிக் கழட்டிக் குத்தியவை. எத்தனை வருஷத்து ஓட்டைகளோ.

"குடுங்க மிஸ், தெரியாம இழை ஓட்டித் தர்றேன்."

"வேணாம்மா. இருக்கட்டும்."

ஏன் இருக்கட்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வாக்கு உடைந்தால் என்ன ஆகும் என்பதும் தெளியவில்லை. மிஸ் ரிட்டயர் ஆகி இப்போது வேளச்சேரியில் தரைத்தளத்தில் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறார். வானம் கறுத்தால், வீட்டுக்காரர் வந்துவிட்டாரா, ஜனனி வந்துவிட்டாளா என்று பார்த்துவிட்டு அப்படியே போனை எடுக்கிறேன்: "மிஸ், அங்க தண்ணி ஏறுதா?"