நாற்பது டிகிரி இறங்கும் மனிதர்

நம்பிக்கை இழப்பதை முழுநேர வேலையாகவும், கெமிஸ்ட்ரி நடத்துவதைப் பகுதிநேர வேலையாகவும் வைத்திருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, கற்பூரம் சார்தான். குளத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நான் கேன்டீன் நடத்துகிறேன். அங்கே அவர் வாத்தியார்.

பட்டம் அவரே வைத்துக்கொண்டது. எந்தத் திரவத்தில் எதைக் கரைத்தாலும் அது உறைகிற புள்ளி கீழே இறங்குமாம். ஒரே கணக்காகக் கரைத்தாலும் தண்ணீர் ஒன்று புள்ளி எட்டு ஆறு டிகிரிதான் இறங்கும். பென்சீன் ஐந்து சொச்சம். உருகிய கற்பூரமோ கிட்டத்தட்ட நாற்பது. டீ ஆறும் வரை இதைச் சொல்லிவிட்டு முடிப்பார்: "நான் கற்பூரம்ணே. ஒரு சின்ன விஷயம் விழுந்தாப் போதும், நாப்பது டிகிரி எறங்கிருவேன். நீங்க தண்ணி. எதக் கொட்டுனாலும் ரெண்டு டிகிரி தாண்டாது."

ஒருநாள் அவர் கிளாஸில் எறும்பு மிதந்தது.

"வேற டீ தாரேன் சார்."

"டீய மாத்திரலாம்ணே. இத்தன கிளாஸ் இருக்கு, எறும்பு என்னையத் தேடி வந்துருக்கு பாத்தீங்களா? டிபார்ட்மென்ட்ட மூடப்போறாங்க."

டவுன் பஸ் நிற்காமல் போனாலும் டிபார்ட்மென்ட்டை மூடிவிடுவார். வடையில் உப்பு கூடினாலும் மூடிவிடுவார். இப்படித் தினமும் அவர் மூடியதை இந்த வருஷம் நிர்வாகமே மூடப் பார்த்தது. கெமிஸ்ட்ரியில் சேர ஆளில்லை. பெற்றோரை அழைத்துக் கல்லூரியைச் சுற்றிக் காட்டும் நாளிலாவது பிள்ளைகள் சேர வேண்டும். இல்லையென்றால் பாடமும் இல்லை, சாருக்கு வேலையும் இல்லை.

என்ன காட்டுவது? கற்பூரத்தைத்தான். சுத்தமான கற்பூரம் ஒரு குழாயில், வேறொன்று கலந்த கற்பூரம் இன்னொரு குழாயில். கலந்தது சீக்கிரமே உருகிவிடும், சுத்தமானது கல்லுமாதிரி நிற்கும். பார்க்கிறவர்கள் அசந்துவிடுவார்கள். ஆர்டர் போட்ட கற்பூரம் வரவில்லை. லேப் அட்டெண்டர் சவரிமுத்துவைப் பூஜைக் கடைக்கு அனுப்பினார்.

அன்று நான் டீத் தட்டோடு லேபில் நின்றிருந்தேன். குழாய்களை இறக்கி வைத்திருந்த எண்ணெய் சூடேறியதும் வாசனை கிளம்பியது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்த ஒரு அம்மா கண்ணை மூடி, இரண்டு கைகளையும் அடுப்புப் பக்கம் நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ்வளவுதான், பின்னால் நின்ற வரிசையும் ஒற்றிக்கொண்டது. ஒரு பெரியவர் திருநீற்றுக்குக் கையை நீட்டினார். சார் தெர்மாமீட்டரோடு பூசாரி மாதிரி நின்றார்.

அதற்குள் சுத்தமான கற்பூரமும் பொலபொலவென்று உருகிவிட்டது. தெர்மாமீட்டர் உருக வேண்டிய சூட்டில் பாதியைத்தான் தாண்டியிருந்தது.

"சவரி, என்னய்யா வாங்கியாந்த?"

"பாக்கெட்டுல கற்பூரம்னுதான் சார் போட்டுருந்துச்சு. நாங்க ஆவூர்க்காரங்க, சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துற ஆளுங்க. இதுல நல்லது கெட்டது எனக்கு எங்கிட்டுத் தெரியும்?"

சார் குழாயையே பார்த்தார். "கண்டதையும் கலந்து வச்சிருக்கான். இது முன்னாடியே எறங்கிப்போன கற்பூரம்."

அப்போதும் காரியம் கெட்டுவிடவில்லை. வாசனைக்கே பாதிப் பேர் மனம் இளகியிருந்தார்கள். திருநீறு கேட்டவரே பேத்தியைச் சேர்க்கிற முகத்தோடு கேட்டார்: "படிச்சு முடிச்சா வேலை கெடைக்குங்களா?"

நான் பின்னாலிருந்து, ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். சார் என்னைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பேத்தியைப் பார்த்தார்.

"சொல்ல முடியாதுங்க. எனக்கே இல்லாமப் போகப்போகுது."

பெரியவர் கும்பிட்டுவிட்டுப் பேத்தியோடு கம்ப்யூட்டர் பக்கம் போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

டிபார்ட்மென்ட்டை மூடிவிட்டார்கள். சாருக்குத் திருச்சியில் மச்சானின் பெயிண்ட் கடையில் வேலை. கிளம்புகிற அன்று கேன்டீனுக்கு வந்தார். இன்று எத்தனை டிகிரி இறங்குவாரோ என்று பயந்துகொண்டே டீயைக் கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"டீ நல்லாருக்குண்ணே. வாரேன்."

குறை ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் வளைவில் திரும்பும் வரை ரோட்டிலேயே நின்றேன். உள்ளே பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. இத்தனை வருஷத்தில் நான் பாலைப் பொங்கவிட்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் சரியாக டிகிரி சொன்ன மனுஷன், என்னை மட்டும் தண்ணி என்று தப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.