செஞ்சி மகளிர் டேப் குழு

"டீச்சர், எங்க ஊட்டு டேப்புல ரெண்டு நாளா காத்துதான் வருது. எப்ப வந்து பாப்பீங்க?"

வாசலில் ரஹமத். சனிக்கிழமை பொழுது விடிந்ததிலிருந்து இது ஒன்பதாவது டேப். ராஜாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் இன்னா குழாய் ரிப்பேர் பண்றவளா?"

"நோட்டீஸ்ல போட்டிருக்குதே, மகளிர் டேப் குழுன்னு."

"டேப்புன்னா டான்ஸு! காலால தட்டி ஆடுறது!"

"அப்ப தண்ணி?"

ராஜாம்பாள் கதவைச் சாத்திய சாத்தில் நிலைப்படி அதிர்ந்தது. முப்பது வருஷம் பி.டி. டீச்சராக விசில் ஊதியவள். ஓய்வுபெற்ற பிறகு, கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, அறுபதைத் தாண்டிய ஐந்து பெண்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஷூவுக்கு அடியில் இரும்பு வேண்டுமே? அனந்தபுரத்தில் மாட்டுக்கு லாடம் அடிப்பவர் அடித்துக் கொடுத்தார். அடிக்கும்போது பழக்கதோஷத்தில் அவர் "ஹை, ஹை" என்றதைத்தான் அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதில் மூவர் வல்லம் பஸ்ஸுக்கு நின்றவர்கள். நாளைக்கும் கூட்டம் வராவிட்டால் ஷூவை மூட்டைகட்டிவிடலாம் என்று குழுவில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கடைசி வரிசைக் கமலாம்பாள் மட்டும், "கூட்டம் வரும் டீச்சர்," என்றாள். அதிகம் பேசாதவள். ராஜாம்பாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"உம் புள்ள பார்த்திபன்தானே இந்தத் தெருவுக்குத் தண்ணி தெறந்து வுடறவன்? ஒழுங்கா வுடச் சொல்லு. என் உயிர வாங்குறாங்க!"

"மோட்டார் ரிப்பேருன்றான் டீச்சர்."

நோட்டீஸில் 'டேப்'பை அடித்துவிட்டு 'தட்டு நடனம்' என்று எழுதினாள். மதியமே எதிர்வீட்டு ஜெயசுதா வந்தாள்.

"தட்டு நாங்களே எடுத்தாரணுமா டீச்சர்? பிரியாணியா, குஸ்காவா?"

பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து எழுதினாள்: 'டேப் – தட்டு ஆட்டம். ஞாயிறு மாலை ஐந்து மணி. தண்ணீர்த் தொட்டி மைதானம். அனைவரும் திரண்டு வருக.'

திரண்டு வந்தார்கள். சிங்கவரம் ரோடு வரைக்கும் தலைகள். கையில் காலிக் குடம், தட்டு, கரண்டி.

"தண்ணிய வுடு!" டங். "தண்ணிய வுடு!" டங்.

ராஜாம்பாள் மைக்கைப் பிடுங்கினாள். "இது போராட்டம் இல்லடி! டான்ஸுடி!"

"டீச்சர் இன்னாமா கேக்குறாங்க பாரு!" கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது.

இந்தக் கோபத்தை யார் தலையில் கொட்டுவது? மேடைப் பலகையில் கொட்டினாள். பன்னிரண்டு லாடங்கள் ஒன்றாக இறங்கின. டக்கடி டக். கரண்டிகள் ஒரு கணம் தடுமாறின. அப்புறம் தாளத்தைப் பிடித்துக்கொண்டன. முழங்கால் வலிக்காரி கமலாம்பாள்கூடத் துள்ளினாள். மூன்று நிமிஷம் ராஜாம்பாள் கோபப்பட மறந்துபோனாள்.

நாலாவது நிமிஷம், தொட்டியடிக் குழாய் கொர்ரென்று செருமியது.

"தண்ணி வந்துட்டுது!"

தூக்கிய கால் பலகையில் இறங்குவதற்குள் மைதானம் காலி. ஒரு கரண்டி மட்டும் கிடந்தது.

"தண்ணிக்கு வந்த கூட்டம்! ஆட்டத்தப் பாக்க ஒரு நாதி இல்ல!" ராஜாம்பாள் மேடையிலிருந்து இறங்கினாள். வால்வு சாவியோடு நின்ற பார்த்திபன் மேல் பாய்ந்தாள். "மூணு நாளா வுடாதவன், இன்னும் பத்து நிமிஷம் பொறுக்கக் கூடாதாடா?"

பார்த்திபன் தலையைச் சொறிந்தான்.

"தாளத்துல கைதான் தானா திருகிடுச்சி டீச்சர், ஆட்டம் முடியிறவரைக்கும் வால்வத் தொட்டா சோறு கெடையாதுன்னு எங்கம்மா மூணு நாளா சொல்லிகினுதான் இருந்தாங்க."