பனியன் மேல் பனியனாக ஒன்றே முக்கால் மணி நேரம்

லாங்இயர்பியன், நார்வே
பனி கொட்டும் வியாழக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் சென்னிமலை அவர்களுக்கு, உங்கள் தங்கை சித்ராதேவியின் வீட்டுக்காரன் மகுடேஸ்வரன் வணக்கமுங்க. நான் நலம், கால் விரல்கள் மட்டும் மரத்துக் கிடக்கின்றன. அங்கே அக்காவும் பிள்ளைகளும் உங்கள் முதலிபாளையம் பனியன் கம்பெனியும் உங்கள் சுகரும் சீராக இருக்க சிவன்மலை முருகன் அருள்வான்.

ஜெயிச்சுட்டேனுங்க மச்சான்! போன மாதம் என் மண்ணரை யூனிட்டில் காபி குடித்துக்கொண்டே நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. இந்த ஊர்க் கடைக்கார அம்மாவின் தெர்மல் பனியன் ஆர்டர் கிடைக்காவிட்டால் என் யூனிட்டுக்குப் பூட்டுத்தான் என்று நான் கலங்கி நிற்க, நீங்கள் என் மகள் தேஜஸ்ரீயின் பள்ளிக்கூட மேப்பை விரித்து, கடைசியாக விமானம் மாறும் டிராம்சோ ஏர்போர்ட்டுக்கும் இந்த ஊருக்கும் நடுவே சாண் வைத்து அளந்து, "ஏனுங் மாப்ள, இந்தக் கடலைத் தாண்டவே ஒரு பகல் ஒரு ராத்திரி பறக்கோணும். பேசாம யூனிட்டை மூடிப்போட்டு நம்ம கம்பெனிக்கு சூப்பர்வைசரா வந்துருங்க" என்றீர்களே, வேலையாட்கள் முன்னால்! டெய்லர் இசக்கிமுத்துகூடச் சிரித்தான். இப்போது கேட்டுக்கொள்ளுங்கள்: ஒன்றே முக்கால் மணி நேரம்! ஆயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. அவிநாசி ரோட்டில் மாட்டிக்கொண்டால் கோயம்புத்தூர் ஏர்போர்ட் போகவே அவ்வளவு நேரம் ஆகும். பனியன் துணியை இழுத்துப் பிடித்து அளந்தால் அளவு கூடத்தானே செய்யும்? உருண்டைப் பூமியைத் தட்டையாக்க மேப்பின் மேல் பக்கத்தை அப்படித்தான் இழுத்து வைத்திருக்கிறார்கள். காலமெல்லாம் துணி அளந்த நீங்களே ஏமாந்துபோனீர்களே சாமி!

என் ஸ்வெட்டரும் ஊத்துக்குளி நெய்யும் இருந்த பெட்டி மட்டும் வந்து சேரவில்லை, எந்த ஊரில் சுற்றுகிறதோ. நான் பதறினேனா? இல்லவே இல்லை! பெட்டி தவறினால் சாம்பிளும் தவறுமே என்று டிராம்சோவிலேயே ஐந்து சைஸையும் எடுத்து, ஸ்மால் உள்ளே, டபுள் எக்ஸெல் வெளியே, ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். செக்யூரிட்டிக்காரர் தடவித் தடவிக் களைத்துப்போனார். சீட் பெல்ட் எட்டவில்லை, ஒட்டுப்போட இன்னொரு பெல்ட் கொடுத்தார்கள். இறங்கியதும் நேராகக் கடைக்குப் போய், கடைக்கார அம்மா முன்னால் ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தேன். ஸ்மால் மட்டும் வரமாட்டேன் என்றது. அந்த அம்மாவும் கடைப் பெண்ணும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்ததில், அடியில் போட்டிருந்த பழைய பனியனும் சேர்ந்து வந்துவிட்டது. மேஜை துடைக்கவாவது ஆகட்டும் என்று அதையும் அங்கேயே விட்டேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர். துணியைத் தடவிப் பார்த்து, இதுதான் எனக்கு வேண்டும், இன்றைக்கே ஆர்டர் அனுப்புகிறேன் என்று கையைக் குலுக்கினார். சட்டையில்லாமல் நின்று அழுதேவிட்டேன் மச்சான்.

ஆகவே அந்த சூப்பர்வைசர் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். யூனிட் வாசலில் வாழை மரம் கட்டச் சொல்லி உங்கள் தங்கைக்குப் போன் போட்டாயிற்று. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி எக்ஸ்போர்ட் அமையட்டும் என்று பெரிய மனதோடு வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
வடதுருவத்தின் வாசல் வரை போய் ஜெயித்த உங்கள் மாப்பிள்ளை,
மகுடேஸ்வரன்

பி.கு.: இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகும்போது ஆர்டர் மெயில் வந்தது, போட்டோவோடு. அந்த அம்மா தடவிப் பார்த்தது கடைசியாகக் கழன்று வந்த பழைய பனியனைத்தானாம், ஆர்டரும் அதற்குத்தானாம். இத்தனை துவைத்தும் எப்படி இவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று கேட்கிறார். போன தீபாவளிக்கு நீங்க குடுத்ததுங்க அது, உங்க கம்பெனிச் சரக்கு. என்னுடையது உடம்பில் கொஞ்சம் அரிக்கும், அதனால்தான் அதை அடியில் போட்டிருந்தேன். சரக்கு கொண்டுவர மறுபடி மேப்பெல்லாம் விரிக்க வேண்டாம் மச்சான், வழி எனக்குத் தெரியும். அந்த நாற்காலி இன்னும் காலியாத்தானுங்க இருக்குது?