சுவர் வழக்குக்கு நீங்கள் வர வேண்டாம், மாமா

ஆரணி,
திங்கட்கிழமை.

பெரணமல்லூர் ராஜவேலு மாமா அவர்களுக்கு, மைத்துனன் கோபிநாத் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் மகள் தேவிப்ரியாவும் நலம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

வியாழக்கிழமை சுவர் வழக்கில் எனக்குச் சாட்சி சொல்ல நீங்கள் வர வேண்டாம். வழக்கை வாபஸ் வாங்கப்போகிறேன். காரணம் உங்கள் மருமகள் தேவிப்ரியாதான். அவள் கல்லூரியில், அவளையும் சேர்த்து இறுதியாண்டு மாணவர்கள் ஒன்பது பேர், உள்ளூர் கேபிள் டிவியில் ஒரு மணி நேர இசை நிகழ்ச்சியை நேரலையாக நடத்த வேண்டும், நடுவில் நின்றால் ஒன்பது பேருக்கும் மதிப்பெண் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். இடம் கிடைக்காமல் பிள்ளைகள் அலைவதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை நம் பவர்லூம் ஓடாதே, கொட்டகையில் நடத்திக்கொள்ளுங்கள் என்று நான்தான் வாயை விட்டேன்.

நேற்று ஐந்தே முக்கால் மணிக்கு மைக்கைச் சோதித்தபோது, காதில் ஹெட்போன் மாட்டியிருந்த தீனா என்கிற பையன், "சார், பாட்டுக்குள்ள டடக் டடக்னு கேக்குது" என்றான். வழக்கில் கிடக்கும் சுவருக்கு அந்தப் பக்கம், என் எதிராளி பச்சையப்பனின் தறிகள். முகூர்த்த ஆர்டருக்காக ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுகிறார். யாராவது போய் நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒன்பது பேரும் என்னையே பார்த்தார்கள். "நீ போய் கேளுப்பா" என்றாள் தேவிப்ரியா. அந்த வாசலை நான் மிதித்து நாலு வருஷமாகிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் போனேன்.

"இன்னா கோபி, கோர்ட்டுல பாக்கலாம்னுதானே சொன்ன?" என்றார்.

"கோர்ட்டு வியாழக்கிழமைண்ணே. புள்ளைங்களுக்குப் பாட்டு இன்னிக்கு."

 நாலு தறியையும் தானே நிறுத்திவிட்டு, "ஒரு மணி நேரம்தான்" என்றார்.

ஆறு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. முள்ளிப்பட்டுப் பெண் சுபத்ரா பாடினாள். முதல் பாட்டில் ஒரு வரியை மறந்தாள், இரண்டாவதில் தேறிவிட்டாள். மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது மாமா. கேமராவுக்கும் அதிலேயே இருந்த சின்ன மைக்குக்கும் கேபிளுக்கு அனுப்பும் பெட்டிக்கும் பேட்டரி இருந்தது. பாடுகிற மைக், கீபோர்டு, விளக்கு எல்லாம் அவுட். இருட்டில் தேவிப்ரியாவின் குரல் மட்டும் கேட்டது: "பாடிகினே இரு சுபத்ரா, நிறுத்தாத!" மற்றவர்கள் செல்போன் வெளிச்சத்தை அவள் முகத்தில் பிடித்தார்கள். மைக் இல்லாமல் அந்தப் பெண் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கிறாள். நான் சுவரைத் தட்டி, "அண்ணே, உங்க ஜெனரேட்டரு!" என்று கத்தினேன்.

"போட்டுட்டேன்டா! வயரை எப்படிக் குடுக்கிறது? தெரு சுத்தி வந்தா எட்டாது!"

சுவரோ கூரைத் தகடுவரை நிற்கிறது. அதில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கியவனே நான்தான். சுபத்ராவின் குரல் உடையத் தொடங்கியது. கடப்பாரையை எடுத்துவிட்டேன். நாலாவது குத்தில் ஒரு செங்கல் பெயர்ந்தது. அந்தப் பக்கமிருந்தும் யாரோ இடிக்கிற சத்தம் கேட்டது. இத்தனையும் நேரலையில் போயிருக்கிறது. டிரம்ஸ் அடிப்பவர் யார், பிரமாதம் என்று நாலைந்து பேர் கேபிள் ஆபீசுக்குப் போன் செய்தார்களாம்.

ஓட்டை வழியாக, வெள்ளையாய்ச் சுண்ணாம்பு அப்பிய கை ஒன்று வயரை நீட்டியது. வாங்கப்போன என் கையைப் பிடித்துக்கொண்டது.

"கை கிழிச்சிகினியா கோபி?"

"இல்லண்ணே" என்றேன். வயரை வாங்கிக்கொண்டு போய்ச் செருகினேன்.

விளக்கு எரிந்தது, மைக் உயிர்பெற்றது, ஏழு மணிவரை ஒரு நொடி நிற்காமல் நடந்து முடிந்தது. ஒன்பது பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். முழு மதிப்பெண் என்று ஆசிரியர் போன் செய்தார். பச்சையப்பன் தன் வீட்டிலிருந்து எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். அந்த மனிதருக்கு எதிராக நான் எந்த முகத்தோடு கூண்டில் ஏறுவது, சொல்லுங்கள்?

அக்காவுக்கு என் அன்பையும் குழந்தைகளுக்கு ஆசியையும் சொல்லவும். எல்லோரும் குறையில்லாமல் இருக்க ரேணுகாம்பாள் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
கோபிநாத்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பச்சையப்பன் வந்துவிட்டுப் போனார். அடுத்த மாதமும் நிகழ்ச்சி நடத்தச் சொல்லிக் கேபிள்காரர் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறாராம். அதைத் தன் கொட்டகையில்தான் நடத்த வேண்டுமாம். "கரண்டு என்னுதுதானே" என்கிறார். கடப்பாரையை முதலில் எடுத்தது யார் மாமா? வியாழக்கிழமை சாட்சி சொல்ல முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். நீதிபதி கேட்டாலொழிய ஓட்டையைப் பற்றி நீங்களாக வாய் திறக்க வேண்டாம்.