அப்பாவுக்கு நான் வைத்த பேனர்

கலைஞராக இருப்பதில் படம் செய்வதுதான் இருப்பதிலேயே லேசான வேலை. மற்ற நேரமெல்லாம் படிவம் நிரப்புவதில் போகும். "உங்கள் படைப்பு உங்கள் அடையாளத்தை எவ்வாறு பேசுகிறது? இருநூறு சொற்களுக்கு மிகாமல்." இந்தக் கேள்விக்கு இதுவரை முப்பது நாற்பது தடவை பதில் எழுதியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் என் அடையாளம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். கேட்பவர் பெங்களூர் என்றால் நான் நகரத்தின் விளிம்பு. வெளிநாடு என்றால் மண்ணின் மகள். (மண் என்று பார்த்தால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு தொட்டியில் இருக்கிறது. அதில் கற்பூரவல்லி.) இப்போது அந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. ஆனால் இருபத்தாறு வயதில் அதை முழுசாக நம்பினேன், அந்த நம்பிக்கையில் உயிரோடிருந்த அப்பாவைச் சாகடித்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் வீடு சிங்கப்பெருமாள் கோயிலில். அப்பா தேவராஜ், கம்பெனி பஸ் ஓட்டுபவர். ஊரப்பாக்கத்தில் ஆரம்பித்து வழியெல்லாம் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்பேட்டையில் இறக்கிவிடுவார். என் தாத்தா படாளம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். அப்பா பதினேழு வயதில் அங்கிருந்து லாரி கிளீனராக வண்டி ஏறினார், அப்புறம் அந்தப் பக்கம் இறங்கவே இல்லை. அவருக்கு அயர்ன் பண்ணின சட்டை வேண்டும், சட்டைப்பையில் ஒரு பேனா வேண்டும். அந்தப் பேனா எழுதுவதெல்லாம் டிரிப் ஷீட்டில் ஒரு கையெழுத்து. ஆனாலும் அது இல்லாமல் கறிக்கடைக்குக்கூடப் போகமாட்டார்.

நான் அப்போது ஓவியக் கல்லூரி முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தேன். மாளவிகா மேடம் என்று சென்னையில் ஒரு கியூரேட்டர், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு பெரிய வீட்டில் இளம் கலைஞர்களின் கண்காட்சி வைப்பதாக இருந்தார். ஐந்து பேரில் நானும் ஒருத்தி. என் யோசனை இதுதான்: நம் ரோடுகளில் பத்தடி உயரத்துக்கு பேனரில் நிற்பது எப்போதும் யாரோ சிலருடைய முகம். அந்த இடத்தில் ஒரு பஸ் டிரைவரின் முகத்தை நிறுத்துவது. படைப்பின் பெயர் 'இல்லாதவர்'. பேனர்களில் இல்லாதவர் என்று அர்த்தம். இந்தப் பெயர் தோன்றிய அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

அப்பாவிடம் கேட்டேன். என் கண்காட்சி எதற்கும் அதுவரை அவர் வந்ததில்லை. "போட்டுக்கோ. ஆனா கலர்ல போடு, பேன்ட் சட்டைல போடு. நான் கேக்கறது அவ்ளோதான். என்ன அசிங்கப்படுத்திடாத" என்றார். சத்தியமே செய்து கொடுத்தேன். அடுத்த ஞாயிறு மீசைக்கு டை அடித்து, க்ரீம் கலர் சட்டை போட்டு, பஸ் பானெட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். எடுத்தேன். பார்த்துவிட்டு, "பஸ்ஸு நம்பர் தெரியுது" என்று சந்தோஷப்பட்டார்.

மாளவிகா மேடம் சந்தோஷப்படவில்லை. இதில் உழைப்பு எங்கே, வலி எங்கே, லோன் அப்ளிகேஷனுக்கு எடுத்த படம் மாதிரி இருக்கிறதே என்றார். சட்டை இல்லாமல் வயலில் நிற்க வைத்து எடுத்தால் முகத்தில் நூற்றாண்டுகள் தெரியும் என்றார். நானும் வீட்டுக்கு வந்து, அது என் சொந்த யோசனை போல அப்பாவிடம் சொன்னேன்.

"யாரு வயல்ல?" என்று கேட்டார்.

ஏதாவது ஒரு வயல் என்றேன்.

"நமக்கு ஒரு சென்ட்டு கெடயாது. எங்கப்பா நின்னது அடுத்தவன் வயலு. சட்ட போட்டுக்கினு அவன் முன்னாடி நிக்க முடியாது. நான் போட்டுக்கினு கீறேன். அத அவுக்க சொல்றியா?"

கொஞ்சமாவது புத்தி உள்ள பெண் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பாள். நான் என்ன செய்தேன் என்றால், அறைக்குள் போய், அவர் சொன்னதை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். படிவத்துக்கு ஆகும் என்று.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போயிருந்தது. அப்பா பின்கட்டில் பனியனோடு உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல் வலி. ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண்ணில் தண்ணீர் கட்டி, எங்கேயோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறை ஜன்னல் வழியாக எடுத்துவிட்டேன். கறுப்பு வெள்ளையாக்கி அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் மேடத்திடமிருந்து பதில் வந்தது. "நூற்றாண்டுகளின் வலி." (அதற்கு அடுத்த நாள் செங்கல்பட்டில் அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள்.)

வெள்ளிக்கிழமை மத்தியானம், கண்காட்சிக்கு முந்தின நாள், படத்தை பிளெக்ஸ் கடை பாஸ்கர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ரயில்வே கேட் பக்கத்தில் கடை. எங்கள் ஊரில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிப் பதவி எல்லாமே அவர் கையால்தான் பேனராகும். அப்பா மேல் அவருக்கு மரியாதை உண்டு. "அப்பா படம்ணா, பத்துக்கு எட்டு. மேலே தேவராஜ், கீழே இல்லாதவர்னு போடுங்க" என்று எழுதினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பேனரில் முகம் கலரில் இருந்தால் ஏதோ விசேஷம். கறுப்பு வெள்ளையில் இருந்தால் ஒரே அர்த்தம்தான். அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, நடக்கிற வயசிலேயே தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நான் அதற்குள் கலைஞராகி விட்டிருந்தேன்.

பாஸ்கர் அண்ணன் ரொம்ப நேரம் கழித்து, "எப்பமா?" என்று கேட்டார். எப்போது வேண்டும் என்று கேட்கிறார் என நினைத்து, "காலைல பத்து மணிக்குண்ணா" என்று போட்டேன். "வூட்லயா?" என்றார். "இல்லண்ணா, மாமல்லபுரத்துல. எல்லாரும் அங்கதான் வராங்க" என்று அட்ரஸையும் அனுப்பினேன். கும்பிடுகிற கை ஒன்று வந்தது. மரியாதையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மாதிரிப் படம் அனுப்பினார். வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் யானை வரைந்துகொண்டிருந்தார்கள். திறந்துகூடப் பார்க்காமல் ஓகே போட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் அப்பா, அம்மா, நான் மூவரும் கிளம்பினோம். செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ். கண்காட்சியில் போன் அடித்தால் நாகரிகமாக இருக்காது என்று நான் பாடம் எடுத்ததால், அப்பாவும் அம்மாவும் ரயிலிலேயே போனை அணைத்துவிட்டார்கள். அப்பா அதே க்ரீம் சட்டை, ஷூவுக்கு பாலிஷ், பேனா. பஸ் சீட்டில் கர்சீப் விரித்து உட்கார்ந்திருந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது, "பஸ்ஸு முழுசா தெரியுமாமா, பாதி வெட்டிட்டாங்களா?" என்று கேட்டார். முழுசாகத் தெரியும் என்றேன். கலைக்காக ஒரு பொய் சொல்லலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மேடம் போன் செய்தார். பேனர் வந்து மாட்டியாகிவிட்டதாம், அந்தக் கண்ணீர் வரி அபாரமாம். பஸ் இரைச்சலில் என்ன வரி என்று புரியாமல் நன்றி சொன்னேன்.

அந்தக் கடலோர வீட்டு வராந்தாவில் முப்பது பேர் இருப்பார்கள். கைத்தறிப் புடவைகள், பெரிய பெரிய கண்ணாடிகள். கடல் காற்றில் பேனர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பத்தடி உயரத்துக்கு அப்பா, பனியனும் வீங்கின கன்னமுமாக. தலைக்கு மேல் 'கண்ணீர் அஞ்சலி'. இரண்டு மூலையிலும் எரிகிற தீபம், ஒரு வெள்ளைப் புறா. கீழே, நான் கேட்டதைக் கொஞ்சம் செம்மைப்படுத்தி, 'இன்று நம்மிடையே இல்லாதவர்'. திறப்பு விழாவுக்கென்று மேடம் அதன் முன்னாலேயே குத்துவிளக்கும் ஏற்றி வைத்திருந்தார். அது அவர் தப்பில்லை. எந்த விழாவென்றாலும் விளக்கு ஏற்றுகிறோம்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா டிரிப் ஷீட் படிப்பது போல மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தார். ஒரு தடவை குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"செத்தது கூட பரவால்லமா. பனியனோட ஏன் சாகடிச்ச?"

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. படாளத்திலிருந்து பதினான்கு பேர். முதலில் இறங்கியது அப்பாவின் அக்கா, அஞ்சலை அத்தை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "என்னப் பெத்த ராசாவே" என்று ஆரம்பித்தவள் மூச்சு விடாமல் வராந்தா வரைக்கும் வந்தாள். கைத்தறிப் புடவைகள் மரியாதையாக வழிவிட்டன. நாலைந்து கேமரா உயர்ந்தது. அத்தை பேனர் முன்னால் நின்று மார்பில் இரண்டு அடி அடித்துவிட்டு, மூன்றாவதுக்குக் கையை ஓங்கியபோதுதான் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள்.

"இன்னாடா," என்றாள் கையை இறக்காமல், "நீ இங்க கீற?"

"நானும் இப்பதான்க்கா வந்தேன்" என்றார் அப்பா.

கூட்டம் கைதட்டியது. நிஜமாகவே தட்டினார்கள். மாளவிகா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். நிகழ்த்துகலையும் சேர்த்துச் செய்வாய் என்று சொல்லவே இல்லையே என்றார். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வேனிலிருந்து கடைசியாக இறங்கியவர் பாஸ்கர் அண்ணன். கையில் பெரிய ரோஜா மாலை. ரயில்வே கேட்டில் தன் சொந்தச் செலவில் இன்னொரு பேனரும் கட்டிவிட்டு, எங்கள் வீடு பூட்டிக் கிடந்ததால் படாளத்துக்குச் சொல்லி, சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் அந்த மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. சாவுக்கு வாங்கின மாலை, உயிரோடிருப்பவர் கழுத்தில் போடவும் கூடாது, படத்துக்குப் போடவும் கூடாது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாத்த, மன்னிச்சிரு. பிளாக் அண்ட் ஒயிட்ல வந்துச்சி. நான் இன்னான்னு நெனைக்கறது? கலர்ல குடுத்திருந்தா கட்சில ஏதோ பதவின்னு நெனச்சிருப்பேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கலரில் கொடுப்பதாகச் சத்தியம் செய்திருந்தேன் என்பது அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவர் அதை அங்கே சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வருஷம் உறுத்தியிருக்காது.

ஒரு பத்திரிகைக்காரர் அப்பாவிடம் போய், உங்கள் நினைவில் மண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "நான் பஸ்ஸு ஓட்றவன் சார், டீசல் வாசனைதான் ஞாபகம் கீது" என்றார். பத்திரிகைக்காரர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது எல்லோரும் அந்த வேனிலேயே வந்தோம். துக்கத்துக்கு என்று வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், துக்கமும் இல்லாமல் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். செங்கல்பட்டில் பிரியாணி வாங்கித் தந்தோம். அத்தை மட்டும் ஒரு வாய் சாப்பிடுவதும், அப்பா முதுகைத் தொட்டுப் பார்ப்பதும், என்னை முறைப்பதுமாக வந்தாள். கேட் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி, அப்பாவே ஏறி தன் பேனரை அவிழ்த்தார். அப்புறமும் ஒரு மாதத்துக்கு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அவரைப் பார்த்து ஒரு நொடி படியிலேயே நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார்களாம்.

அந்தக் கண்காட்சியில் பாராட்டு முழுக்க எனக்குத்தான். இன்றைக்கும் என்னை அழைக்கிற இடத்திலெல்லாம் அந்த 'நிகழ்த்துகலை'யைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் செய்யாத ஒன்றால்தான் எனக்குப் பெயர் வந்தது, அதையே திரும்பத் திரும்ப இருநூறு சொற்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டு விசேஷங்களில் நான் போனை எடுத்தாலே அத்தை எழுந்து போய்விடுவாள். "இவ புடிச்சா ஆயுசு தாங்காது" என்பாள். பெரியவர்கள் எல்லோரும் வரிசையாகப் பின்னாலேயே எழுந்து போவார்கள்.

 கண்காட்சி முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பேப்பரில் சுற்றின ஒரு பிரேமை என் கையில் கொடுத்தார். தானே ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. கலர், பேன்ட் சட்டை, பின்னால் ஏதோ பனிமலை. "எனக்கு ஒண்ணு ஆச்சினா இத போடு. நீ நல்லாதான் எடுக்கற. ஆனா அதுல நான் இல்லமா" என்றார்.

அதோடு விடவில்லை. அடுத்த வருஷம் போன வருஷத்து முகம் பழசாகிவிட்டது என்று மறுபடியும் போய் எடுத்துக்கொண்டு வந்தார். அப்புறம் வருஷா வருஷம். மீசை நரைக்கிறது, மலை மாறி அருவி வருகிறது, சட்டை மட்டும் கசங்குவதே இல்லை. இப்போது பரணில் எட்டு பிரேம் இருக்கிறது. பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது அவற்றைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தால், நான் இத்தனை வருஷம் செய்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இந்தப் பொங்கலுக்கு வெட்கத்தை விட்டு அப்பாவிடம் கேட்டேன், இதை ஒரு கண்காட்சியாக வைக்கட்டுமா என்று.

"நான் போனப்புறம் வச்சிக்கோ" என்றார். கடைசி பிரேமைத் துடைத்து என்னிடம் நீட்டிவிட்டு, "ஆனா போன தடவ மாதிரி அவசரப்படாத" என்றார்.